பத்து விரல் படிப்பு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிள்ளையைத் தெருவில் யார் பார்த்தாலும் முதலில் கேட்பது, "டைப்புக்குச் சேந்தாச்சா?" என்றுதான். ரிசல்ட் வர மாதமாகும். அதற்குள் யளனகப என்ற முதல் பாடத்தை முடித்துவிடலாம் என்பது கணக்கு. தறி வீட்டுப் பிள்ளை, பலசரக்குக் கடை வீட்டுப் பிள்ளை, வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த படிப்பு அது. பாஸோ பெயிலோ, டைப் கையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை.

நான் அந்தத் தலைமுறைக்காரி. தமிழிலும் இங்கிலீஷிலும் லோயர், ஹையர் டைப் பரீட்சைகளை முடித்து, கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி ஓய்வு பெற்றவள். இன்றைக்கு வேலையை வேகமாக முடிக்க என்ன செயலி வைத்துக்கொள்ளலாம், கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று இளம்பிள்ளைகள் தேடித்தேடிப் படிக்கிறார்கள். அவர்கள் தேடுவதில் பெரும்பகுதியை எங்கள் ஊர் ரத வீதி மாடி அறைகளில், மாதம் சொற்ப ஃபீஸுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையை ஒருவராவது எழுதி வைக்க வேண்டும்.

மெஷினின் பிறப்பு தூரதேசத்தில். அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கியதை, துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1870களில் தயாரித்து விற்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அதை வாங்கியவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இரண்டு மூன்று விரலால் குத்தினார்கள். மெஷின் வந்து பத்துப் பதினைந்து வருஷம் வரைக்கும் அதன் முழு வேகம் என்ன என்பதே யாருக்கும் தெரியாது. 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரத்தில் ஒரு போட்டி நடந்தது. ஃபிராங்க் மெக்கரின் என்ற கோர்ட் ஸ்டெனோகிராபர், விசைகள் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்து, கீழே பார்க்காமல் எல்லா விரலாலும் அடித்தார். எதிராளி லூயி டிராப், வேறொரு ரக மெஷினில் பேர்போனவர், பார்த்து அடிப்பவர். மெக்கரின் வெகு சுலபமாக ஜெயித்தார். அன்றைக்கு ஜெயித்தது அவருடைய பழக்கம். அதற்குப் பிறகுதான் கீழே பார்க்காமல் அடிக்கும் முறை பரவலாக ஆரம்பித்தது. அவரும் கோர்ட்டுக்காரர் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

தமிழுக்கு மெஷின் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் இங்கிலீஷ் டைப்ரைட்டரைப் பார்த்தவர், இது தமிழுக்கு ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டார். கேள்வி சுலபம், பதில் கஷ்டம். நமக்கு எழுத்து 247. மெஷினில் இருப்பது ஐம்பதுக்கும் குறைந்த விசைகள். ஷிப்ட் போட்டால் ஒரு விசைக்கு இரண்டு. மொத்தம் நூறு குறிகூடக் கிடைக்காது. அதற்குள் முழுத் தமிழையும் அடக்க வேண்டும். அவர் கண்ட வழி, எழுத்தை உடைப்பது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். புள்ளிக்கும் சில மேல்விலங்குகளுக்கும் நகராத விசை. அதைத் தட்டினால் புள்ளி விழும், ஆனால் வண்டி அசையாது. அடுத்து க தட்டினால் அந்தப் புள்ளிக்கு அடியிலேயே க வந்து உட்காரும். புள்ளி முன்னால், எழுத்து பின்னால். எழுதும்போது நாம் செய்வதற்கு நேர்தலைகீழ். ஜெர்மனியில் சைடல் அண்ட் நௌமன் கம்பெனி அவருடைய மெஷின்களைச் செய்து கொடுத்தது. எந்த அரசாங்கமும் கேட்காமல், எந்தப் பல்கலைக்கழகமும் பணம் கொடுக்காமல், ஒரு தனி மனிதர் தன் மொழிக்குச் செய்த காரியம் இது. டைப் படித்த ஒவ்வொருவரும் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வருத்தம் என்னவென்றால், எங்கள் கிளாஸ் சுவரில்கூட அவர் படம் இருந்ததில்லை.

சங்கரன்கோவில் மாதிரித் தாலுகா ஊருக்கு இந்தப் படிப்பு வேகமாகப் பரவியதற்கு இரண்டு காரணம். ஒன்று மெஷின். 1955இல் கோத்ரெஜ் கம்பெனி இந்தியாவிலேயே செய்த டைப்ரைட்டரை வெளியிட்டது. அந்த ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு என்ற நிலை மாறி, உள்ளூர் முதலாளிகள் தவணையில் வாங்கிப் போடும் பொருளானது. இன்னொன்று சட்டம். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தாலுகா ஆபீஸ், பஞ்சாயத்து யூனியன், ரிஜிஸ்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் கடிதம் தமிழில் போக ஆரம்பித்தபோது, தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1976இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கீழ்க்கோர்ட்டுகளிலும் சாட்சியம், தீர்ப்பு தமிழில் எழுத வழி செய்தார்கள். எனக்கு வேலை கிடைத்ததற்கு அந்தத் திருத்தம்தான் வேர்.

இனி கிளாஸுக்கு வருகிறேன்.

கீழே ஜவுளிக்கடை, மேலே நீளமான ஒரே அறை. சுவர் ஓரமாக மெஷின்கள். இங்கிலீஷ் ஒரு வரிசை, தமிழ் ஒரு வரிசை. பெரும்பாலும் ரெமிங்டன், சில கோத்ரெஜ், சென்னையை அடுத்த பெருங்குடியில் தயாரான ஃபேசிட் ஒன்றிரண்டு. புதுப்பிள்ளைக்கு எப்போதும் பழைய ரெமிங்டன்தான். விசை கனமாக இருக்கும். அதில் அடித்துப் பழகினால் விரலுக்குப் பலம் வரும் என்பார் சார். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச், ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி பேட்ச். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆறே கால் மணிக்கு வருகிற பிள்ளைக்கு முக்கால் மணி நேரம்தான். ஏழு மணிக்கு அந்த மெஷினுக்கு வேறு ஆள் பின்னால் வந்து நிற்பார். கடிகாரம் பார்த்து வாழ்வது என்பது எங்கள் வீடுகளில் அதுவரை இல்லாத விஷயம். தறி வீட்டில் பொழுது விடிந்தால் வேலை, பொழுது சாய்ந்தால் நிறுத்தம். ஒரு மணி நேரத்துக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, அதற்குள் இன்ன பக்கம் முடிய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது அந்த மாடியில்தான்.

முதல் பாடம் இடக்கைக்கு ய, ள, ன, க, ப, திரும்பவும் க. வலக்கைக்குப் புள்ளி, ட, ம, த, கால், திரும்பவும் த. இதையே பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு ய. பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாத விரல் அது. அதுதான் முதலில் வலிக்கும், அதுதான் மங்கலாக விழும். பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்த விரல் ஏமாற்றுகிறது என்பது தெரிந்துவிடும். ஆட்காட்டி விரல் அடித்தது பேப்பரில் பள்ளமாக இருக்கும், சுண்டுவிரல் அடித்தது சாம்பல் நிறத்தில் இருக்கும். எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் விழுகிற அன்றைக்குத்தான் அடுத்த பாடம்.

"கண்ணு பேப்பர்ல இருக்கட்டும். கீயை எதுக்குப் பாக்க? அது எங்கயும் ஓடிப்போகாது" என்று சார் பின்னால் நின்று சொல்லுவார். அப்படியும் பார்க்கிற பிள்ளைகளுக்கு மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். துணிக்கு அடியில் கை. முதல் இரண்டு நாள் கண்ணீர் வரும். பிறகு ஒரு நாள் தானாகவே விரல் போய் நிற்கும். எந்த விசை எங்கே இருக்கிறது என்று வாயால் கேட்டால் சொல்லத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இன்றைக்கும் என்னிடம் ஞ எங்கே என்று கேட்டால், மடியில் கையை வைத்து அடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வேகத்தைப் பற்றி சார் பேச்சே எடுக்கமாட்டார். பிள்ளைகள்தான் பறப்பார்கள். வேகமாக அடித்தால் இரண்டு டைப் பார்கள் நடுவில் மோதிக் கோத்துக்கொண்டு நிற்கும். விரலால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் நிதானமாக அடித்த பக்கத்துப் பிள்ளை ஒரு வரி முன்னால் போயிருக்கும். தாளம் மாறாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டு அடித்தால் மெஷின் சிக்காது. அந்தச் சீரான நடையிலிருந்து வேகம் பிறந்து வரும். இதை எத்தனை வார்த்தையில் சொன்னாலும் புரியாது, அந்த மெஷின் ஒரு வாரத்தில் புரிய வைத்துவிடும்.

அரசு பரீட்சையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. வார்த்தை என்பது ஐந்து தட்டு. பத்து நிமிஷத்துக்கு லோயர்காரர் 1500 தட்டு அடிக்க வேண்டும், ஹையர்காரர் 2250. பிழைக்கு மார்க் போகும். பரீட்சைக்கு மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, சணல் சாக்கு சுற்றி, வேனில் ஏற்றி, வெளியூர் பாலிடெக்னிக்கில் கொண்டு இறக்குவார்கள். அதற்கு முந்தின வாரம் மெக்கானிக் அண்ணாச்சி வந்துவிடுவார். டைப் எழுத்துகளின் பள்ளத்தில் அடைந்த ரிப்பன் பஞ்சைக் குண்டூசியால் எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிங்கை முறுக்கிப் பார்ப்பார். மெஷின் அவருக்கு அடங்கும். எங்களையும் விடமாட்டார். "வேலை முடிஞ்சா மூடி போட்டு மூடணும் தாயி. தூசிதான் இதுக்கு எமன்" என்பார். கருவியைத் தினமும் துடைத்து மூடி வைத்துவிட்டு எழுவது என்ற பழக்கம் அவர் கொடுத்தது.

ஆகஸ்ட் பரீட்சைக்கு முன்னால் ஆடித்தபசு வரும். கோமதியம்மன் தவமிருக்க, சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற திருவிழா. பன்னிரண்டு நாளும் ஊர் முழுக்கக் கூட்டம். ரத வீதியில் மைக் செட், நாதஸ்வரம், பலூன்காரர் ஊதல். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் சத்தம். அதற்கு நடுவில் நாங்கள் பத்து நிமிஷ ஸ்பீடு அடித்துப் பழகினோம். சார் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சப்பரம் தெருவில் வந்தால் எல்லாரும் எழுந்து கும்பிட்டுவிட்டு, உட்கார்ந்து பக்கத்தை முதலிலிருந்து ஆரம்பிப்போம். இன்றைக்குக் கவனச் சிதறல் என்று எதைச் சொல்கிறார்களோ, அதை ஜெயிக்க எங்களுக்கு இருந்த பயிற்சி இதுதான்.

ஸ்பீடைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது பேப்பர், அதிலும் ஸ்டேட்மெண்ட். கையெழுத்தில் கோணல்மாணலாக ஒரு கணக்குக் கொடுப்பார்கள். அதைக் கட்டம் பிரித்து, பக்கத்தின் நடுவில் அழகாக உட்கார வைக்க வேண்டும். மெஷின் தானாக ஒன்றும் செய்யாது. முதலில் பென்சிலால் கணக்குப் போட வேண்டும். ஒரு வரிக்கு 80 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பத்தி. வரிசை எண்ணுக்கு 6 எழுத்து, பெயருக்கு அதிகபட்சம் 24, சர்வே எண்ணுக்கு 10, தொகைக்கு 12. ஆக 52. மீதி 28. நடுவில் மூன்று சந்து, ஒவ்வொன்றுக்கும் 6 என்றால் 18. மிச்சம் பத்தை இடதுக்கு 5, வலதுக்கு 5. இப்போது மார்ஜினையும் டேப் நிறுத்தங்களையும் வைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தால், கடைசி வரி வரைக்கும் ஒரு முறைகூட யோசிக்க வேண்டாம். இந்தக் கணக்குக்கு ஐந்து நிமிஷம் ஆகும். போடாமல் ஆரம்பித்தவர்கள் பாதியில் பத்தி வெளியே ஓடி, பேப்பரை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வருவார்கள். ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதன் கடைசி வரி எங்கே முடியும் என்று பார்த்துக்கொள்வது, என் வாழ்க்கையில் நான் படித்ததிலேயே உபயோகமான பாடம். வீடு கட்டியபோதும் மகள் கல்யாணத்துக்கும் அந்தப் பென்சில் கணக்கைத்தான் போட்டேன்.

படித்தவர்களில் பெண்கள் பாதிக்கு மேல். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க் காலேஜுக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள் இந்த மாடிக்கு அனுப்பின. கண்ணுக்கெட்டும் தூரம், தெரிந்த சார், ஒரு மணி நேரம். அப்படி வந்த பெண்கள் லோயர், ஹையர் முடித்து டி.என்.பி.எஸ்.சி. எழுதினார்கள். இந்தியாவில் மாகாண அளவில் முதலாவதாக 1929இல் சென்னையில் ஆரம்பித்த தேர்வாணையம் அது. குரூப் 4இல் டைப்பிஸ்ட் பதவிக்கு டைப் சர்டிபிகேட் கட்டாயம். பத்தாவது படித்த தறிக்காரர் மகளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்க வேறு எந்த வாசல் அவ்வளவு நேராக இருந்தது? சிபாரிசு தேவையில்லை, காசு தேவையில்லை. விரல் ஒழுங்காகப் போனால் போதும். எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் தறிக்குழியிலிருந்து எழுந்தது அந்தப் பத்து விரலால்தான்.

கோர்ட் வேலையில் சேர்ந்த பிறகு பரீட்சை எல்லாம் விளையாட்டு என்று புரிந்தது. சாட்சி கூண்டில் நின்று அவர் பாஷையில் சொல்லுவார். நீதிபதி அதைச் சுருக்கி வாக்கியமாகச் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். ரோலரில் ஒரு நல்ல பேப்பர், அதற்குப் பின்னால் கார்பன், பேப்பர், கார்பன், பேப்பர் என்று அடுக்கு. ஒரு எழுத்துத் தப்பினால் அத்தனை பிரதியிலும் தனித்தனியாக அழித்துத் திருத்த வேண்டும். ஒரு தப்புக்கு இரண்டு மூன்று நிமிஷம் போகும். இரண்டு மூன்று நிமிஷத்தில் நூறு வார்த்தைக்கு மேல் அடித்திருக்கலாம். அதுவும் சாட்சியத்தில் 'இல்லை' என்பதில் ஒரு எழுத்துப் போனால் ஒருவருடைய நிலம் போகும், ஒருவருடைய விடுதலை போகும். ஆகவே பேப்பரை உருவும் முன்னால், ரோலரில் இருக்கும்போதே ஒரு முறை படித்துப் பார்ப்பது கட்டாயம். உருவிவிட்டால் திரும்ப அதே வரியில் பொருத்துவது பெரும்பாடு. அனுப்பும் முன் படித்துப் பார் என்று இன்று எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறார்கள். எங்களுக்கு அது மெஷினின் அமைப்பிலேயே இருந்தது.

சுற்றறிக்கை என்றால் ஸ்டென்சில். ரிப்பனை விலக்கி வைத்துவிட்டு, மெழுகுத் தாளில் வெறும் இரும்பு எழுத்தால் அடிப்போம். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு வெட்டுப்படும். தப்பினால் நெயில் பாலிஷ் மாதிரி வாசனை வரும் திரவத்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் திரும்ப அடிக்க வேண்டும். பிறகு சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிச் சுற்றினால் நூற்றுக்கணக்கில் பிரதி வரும். கை முழுக்க மை. ஓ என்ற எழுத்தைப் பலமாக அடித்தால் நடுவட்டம் கழன்று விழுந்து, எல்லாப் பிரதியிலும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அதனால் ஓவுக்கு மட்டும் மெதுவாக ஒரு தட்டு. அந்த நிதானம் இப்போதும் என் விரலில் இருக்கிறது.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் இன்றைய வடிவத்துக்கு வந்தன. இதைப் பற்றிப் புலவர்கள் நடத்திய வாதங்கள் நிறைய. டைப்பிஸ்டுகளைக் கேட்டால் ஒரே பதில்தான்: தமிழுக்குச் செய்த பெரிய உபகாரம். தனி வடிவத்துக்காகத் தனி விசை தேடுகிற பாடு போயிற்று. பழைய மெஷினில் படித்த மூத்தவர்கள் கொஞ்ச நாள் இரண்டு வடிவத்தையும் கலந்து அடித்தார்கள். எங்கள் பேட்ச் புது எழுத்தில் நேராகவே ஆரம்பித்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது குழப்பத்தின் காலம். ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கொரு குறியீடு. திருவேங்கடம் ரோட்டு டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையைச் சிவகாசி அச்சகத்தில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். அரசு அலுவலகங்களில் வானவில் ஃபாண்ட் பரவலாக இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி, தமிழ்99 என்ற விசைப்பலகையை அரசு தரமாக ஏற்றது. உயிர் எழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'க்க' வேண்டுமென்றால் க-வை இரண்டு முறை தட்டினால் போதும், முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். நன்றாக யோசித்துச் செய்த அமைப்பு. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடை அரசு ஏற்றபிறகுதான் ஓர் ஊரில் அடித்தது இன்னோர் ஊரில் அப்படியே தெரிய ஆரம்பித்தது.

இந்த மாற்றத்தில் வேலை போய்விடுமோ என்று பயந்தவர்கள் பலர். நடந்தது வேறு. பழைய டைப்ரைட்டர் அமைப்பையே கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ள வழி இருந்ததால், ரத வீதி மாடியில் படித்த விரல்கள் புது விசைப்பலகையில் அப்படியே போய் உட்கார்ந்தன. பரீட்சைக்குக் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்டிபிகேட் ஒன்று சேர்த்துப் படித்தோம், அவ்வளவுதான். கீழே பார்க்காமல் அடிப்பது, ஆரம்பிக்கும் முன் கணக்குப் போடுவது, முடித்தபின் படித்துப் பார்ப்பது, வேலை முடிந்தால் மூடி வைப்பது. இந்த நான்கும் அப்படியே செல்லுபடியாயின. கோத்ரெஜ் 2009இல் டைப்ரைட்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. மெஷின் போயும் அது கற்றுக்கொடுத்தது போகவில்லை.

இப்போது எங்கள் பக்கம் நிலவரம் நிறைய மாறிவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்னாலேயே, 2011இல், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. கடிதம், கணக்கு எழுதும் மென்பொருள்களை உலகத்துக்கு விற்கிற நிறுவனம். வயலுக்கு நடுவே உட்கார்ந்து எங்கள் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. 2017இல் கூகுள் தமிழைக் காதால் கேட்டு எழுத ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தயங்குகிற பெரியவர்களுக்கு அது வரம். என் பக்கத்து வீட்டுப் பூக்கார அக்கா விலைப்பட்டியலைப் பேசியே அனுப்புகிறார். வரவேற்கிறேன். ஆனால் மனுவிலும் பத்திரத்திலும் பெயரின் இன்ஷியலும் சர்வே எண்ணும் ஊர்ப்பெயரும் வருகிற இடத்தில், பேசி எழுதியதை ஒருவர் உட்கார்ந்து திருத்தித்தான் ஆக வேண்டும். திருத்துகிறவருக்கு விரலும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது ஒன்று. 2011இலிருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. நல்ல திட்டம், ஏழைப் பிள்ளையின் கைக்குக் கருவி வந்தது. அதன் விசைப்பலகையில் பத்து விரலை எங்கே வைப்பது என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்குக் காலேஜ் முடித்த பிள்ளைகள் ஒரு விரலால் தேடித் தேடிக் குத்துவதைப் பார்க்கிறேன். மெக்கரினுக்கு முந்தின காலத்துக்குத் திரும்பிப் போன மாதிரி இருக்கிறது. தமிழில் எழுதச் சொன்னால் 'நான் வருகிறேன்' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, மெஷின் மாற்றித் தருவதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பிறகு நேரம் போதவில்லை என்று வேலையை வேகமாக்கும் செயலியைத் தேடுகிறார்கள். செயலியில் தப்பில்லை, நானும் இரண்டு மூன்று வைத்திருக்கிறேன். அடிப்படையான அந்த ஒரு பழக்கம் இல்லாமல் அவை எதுவும் கைகொடுக்காது.

சங்கரன்கோவிலில் டைப் கிளாஸ்கள் முன்பு மாதிரி இல்லாவிட்டாலும் இன்னும் நடக்கின்றன. குரூப் 4 அறிவிப்பு வந்தால் காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறது. அந்தச் சார்களும் டீச்சர்களும் சொற்ப வருமானத்தில் இந்தப் படிப்பைக் கட்டிக் காக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் இப்போது ஹைடெக் லேப் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் வாரம் இரண்டு பீரியட், ஒரே ஒரு வருஷம், தமிழ்99இல் பத்து விரலால் பார்க்காமல் அடிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு தாலுகா ஊரிலும் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். கல்வித் துறை இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த லீவிலேயே கொண்டுபோய் டைப்பில் சேர்த்துவிடுங்கள். காலை பேட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது.